மீ.சி.ம கணக்கைத் தாண்டிப் போகும் தம்பி தங்கைகளுக்கு



குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் உங்களில் பலர் பத்தாம் வகுப்போடு கணக்குக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வரலாறு, தமிழ், வணிகவியல் என்று போனவர்கள். பொதுத்தமிழை எழுத்தெண்ணிப் படிக்கிறீர்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறீர்கள். திறனறிவுப் பகுதிக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. 200 கேள்விகளில் அது 25. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் முப்பத்தேழரை மதிப்பெண். அதிலும் மீச்சிறு பொது மடங்கு என்று கண்ணில் பட்டால் ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்கி, ‘விடை தெரியவில்லை’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்கு நகர்ந்துவிடுகிறீர்கள்.

அந்த ஒரு தலைப்பைப் பற்றி மட்டுமே இந்த மடல். ஆறாம் வகுப்பில் படித்தது, மாதிரித் தேர்வுகளில் திரும்பத் திரும்ப வருவது. பழைய புத்தகத்தில் மீ.பொ.ம என்றும் புதிய புத்தகத்தில் மீ.சி.ம என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றேதான், குழம்ப வேண்டாம்.

முதலில் ஒரு சண்டை போட்டுக்கொள்கிறேன். உங்கள் நோட்டுகளை வாங்கிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வரி கட்டம் கட்டி எழுதப்பட்டிருக்கிறது: “கேள்வியில் ‘அதிகபட்சம்’, ‘பெரிய’ என்று வந்தால் மீ.பெ.கா (மீப்பெரு பொதுக் காரணி), ‘குறைந்தபட்சம்’, ‘சிறிய’ என்று வந்தால் மீ.சி.ம.” ஏதோ ஒரு காணொளியில் யாரோ சொன்னது, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இதைவிட ஆபத்தான ஷார்ட்கட் நான் பார்த்ததில்லை. இரண்டு கேள்விகளைப் பாருங்கள்.

544 செ.மீ. நீளமும் 374 செ.மீ. அகலமும் கொண்ட ஓர் அறைக்கு ஒரே அளவுள்ள சதுரக் கற்கள் பதிக்க வேண்டும், எந்தக் கல்லையும் உடைக்கக் கூடாது. குறைந்தபட்சம் எத்தனை கற்கள் தேவை? ‘குறைந்தபட்சம்’ இருக்கிறதே என்று மீ.சி.ம கண்டுபிடிக்கப் போனால் 5984 வரும். ஐந்தரை மீட்டர் அறைக்குள் அறுபது மீட்டர் கல்! கற்களின் எண்ணிக்கை குறைய வேண்டுமானால் கல் பெரிதாக இருக்க வேண்டும். இரு பக்கத்தையும் மிச்சமில்லாமல் அளக்கும் மிகப் பெரிய நீளம் 34 செ.மீ., அதாவது மீ.பெ.கா. நீளவாக்கில் 16, அகலவாக்கில் 11, ஆக 176 கற்கள்.

இன்னொன்று: 12, 15, 18 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடும் மிகப் பெரிய நான்கு இலக்க எண் எது? ‘மிகப் பெரிய’ என்று இருக்கிறது. ஆனால் தேவைப்படுவது மீ.சி.ம. அது 180. 9999-ஐ 180-ஆல் வகுத்தால் மீதி 99. அதைக் கழித்தால் 9900. அந்தக் கட்டம் கட்டிய வரியை நம்பியிருந்தால் இரண்டிலும் மூன்று மதிப்பெண் போயிருக்கும்.

வார்த்தையைத் தேடாதீர்கள். விடை, கேள்வியில் கொடுத்த எண்களைவிடச் சிறிதாக இருக்குமா, பெரிதாக இருக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அறையைவிடக் கல் பெரிதாக இருக்க முடியாது. 18 விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் மணி, மற்ற மணிகளோடு 18 விநாடிக்கு முன்னால் மறுபடி சேர்ந்து அடிக்க முடியாது. பங்கிடுவதும் வெட்டுவதும் அடுக்குவதும் சிறிய பக்கம். சந்திப்பதும் சேர்ந்து வருவதும் எல்லாவற்றாலும் வகுபடுவதும் பெரிய பக்கம். பெரிய பக்கம் என்றால் மீ.சி.ம.

இனி கணக்குக்குள் போவோம். வகுத்தல் முறையில் ‘ட’ வடிவக் கோடு போட்டு, 2, 2, 3 என்று இடதுபுறம் எழுதிக்கொண்டு இறங்குவது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அது சரியான முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஏன் என்பது தெரிந்தால் பாதிக் கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டுவிடலாம். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் ஒரு கேள்விக்குக் கிடைப்பது 54 விநாடி. கோடு போட்டு இறங்க அது போதாது.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணை ஒவ்வொரு படியாகக் கட்டுவோம். 1-க்கும் 2-க்கும் பொதுவாக 2 போதும். 3 வந்ததும் 6. அடுத்து 4 வருகிறது. இங்கேதான் பலர் 6-ஐ 4-ஆல் பெருக்கி 24 என்பார்கள். பொறுங்கள். 4 என்றால் இரண்டு 2. நம் கையில் உள்ள 6-க்குள் ஒரு 2 ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் இருக்கிற பாத்திரத்தை யாரும் மறுபடி வாங்குவதில்லை; இல்லாததை மட்டும் வாங்கினால் போதும். இல்லாதது இன்னொரு 2. ஆகவே 12. அடுத்து 5, கையில் 5 இல்லை, ஆகவே 60. அடுத்து 6, அதற்கு வேண்டியது ஒரு 2, ஒரு 3. இரண்டும் உள்ளே இருக்கின்றன. 60 அப்படியே நிற்கிறது. 7 புதிது: 420. 8-க்கு மூன்று 2 வேண்டும், இரண்டு இருக்கின்றன, ஒன்று சேர்த்தால் 840. 9-க்கு இரண்டு 3 வேண்டும், ஒன்று இருக்கிறது, இன்னொன்று சேர்த்தால் 2520. 10-க்கு ஒன்றும் வேண்டாம். விடை 2520.

இதைத் தொடர்ந்து பாருங்கள். 11 வந்ததும் 27720 ஆகிறது. 12 வந்தால் அசைவே இல்லை. 13 வந்தால் 360360. 14-க்கும் 15-க்கும் அசையாது. 16 வந்ததும் இருமடங்காகி 720720. பகா எண் வரும்போதும், 4, 8, 9, 16 போல ஒரே பகா எண்ணின் அடுக்கு வரும்போதும் மட்டுமே விடை மாறுகிறது. மற்ற எண்கள் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன. மீ.சி.ம என்பதே இவ்வளவுதான். ஒவ்வொரு பகா காரணியும் கொடுத்த எண்களில் எதில் அதிகமுறை வருகிறதோ, அத்தனை முறை எடுத்துப் பெருக்குவது. 24-ம் 36-ம் 40-ம் கொடுத்தால் கோடு எதற்கு? 24-இல் மூன்று 2. 36-இல் இரண்டு 3. 40-இல் ஒரு 5. 8 × 9 × 5 = 360. முடிந்தது.

இது புரிந்துவிட்டால் உங்கள் நோட்டில் வகை 1, வகை 2, வகை 3 என்று பிரித்து வைத்திருப்பவை ஒன்றாகிவிடும். 5, 6, 8 ஆகியவற்றால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் மீதி 3 வரும் எண்ணைக் கேட்டால், மீதியே வராத எண் 120. அதோடு 3 சேர்த்தால் 123. அதே 5, 6, 8-க்கு மீதி முறையே 3, 4, 6 என்று கேட்டால் பயம் வருகிறது. மீதியைப் பார்க்காமல் குறையைப் பாருங்கள். 5-க்கு 2 குறைகிறது, 6-க்கு 2 குறைகிறது, 8-க்கும் 2 குறைகிறது. எல்லாருக்கும் ஒரே குறை என்றால் 120-இலிருந்து 2-ஐக் கழித்து 118.

மணி அடிக்கும் கணக்கில் மட்டும் ஒரு கண்ணி உண்டு. 6, 8, 12, 18 விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் நான்கு மணிகள் ஒன்றாகத் தொடங்குகின்றன. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சேர்ந்து அடிக்கும்? மீ.சி.ம 72 விநாடி. 3600-ஐ 72-ஆல் வகுத்தால் 50. தொடக்கத்தில் அடித்ததையும் சேர்த்தால் 51. விடைப் பட்டியலில் இரண்டுமே இருக்கும். கேள்வி தயாரிப்பவர் உங்கள் கணக்கறிவைச் சோதிக்கவில்லை. ‘தொடக்கம் உட்பட’, ‘அதன் பிறகு’ என்ற சொற்களைப் படித்தீர்களா என்று சோதிக்கிறார். இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத வகைக் கேள்வி. பிடிக்காவிட்டாலும் படித்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டு எண்களின் பெருக்கற்பலன் அவற்றின் மீ.பெ.கா, மீ.சி.ம இரண்டின் பெருக்கற்பலனுக்குச் சமம் என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் மூன்று எண்களுக்கும் அதைப் போட்டுவிடுகிறீர்கள். 4, 6, 10 எடுத்துப் பாருங்கள். மீ.பெ.கா 2, மீ.சி.ம 60, பெருக்கினால் 120. எண்களைப் பெருக்கினால் 240. இரண்டே எண்கள் இருந்தால் ஒவ்வொரு பகா காரணியின் அதிக அடுக்கு மீ.சி.ம-வுக்கும் குறைந்த அடுக்கு மீ.பெ.கா-வுக்கும் போய்விடும், மிச்சம் இருக்காது. மூன்றாவது எண் வந்தால் நடுவில் ஓர் அடுக்கு யாருக்கும் போகாமல் நிற்கும்.

பெரிய எண்களுக்கு வருவோம். 1147, 1221 இவற்றின் மீ.சி.ம என்ன என்று கேட்டால்? 1147-ஐ 2-ஆல் வகுக்கிறீர்கள், போகவில்லை. 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29 எதுவும் போகவில்லை. வியர்க்கிறது. இங்கே காரணிகளைத் தேடிப் போகாதீர்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: 74. 1147-ஐ 74-ஆல் வகுத்தால் 15 முறை போய் மீதி 37. 74-ஐ 37-ஆல் வகுத்தால் மீதி இல்லை. மீ.பெ.கா 37 கையில் வந்துவிட்டது. 1147-ஐ 37-ஆல் வகுத்தால் 31; 31-ஐ 1221-ஆல் பெருக்கினால் 37851. அதுதான் மீ.சி.ம.

சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தம்முடைய நூலின் ஏழாம் புத்தகத்தில் முதலில் வைத்தது இந்த வகுத்தல் வழியைத்தான். மீ.சி.ம காண்பதை அதே புத்தகத்தில் வெகுதூரம் தள்ளி, 34-ஆவது கூற்றில் சொல்கிறார். மீ.பெ.கா-வை முதலில் பிடி, மீ.சி.ம தானாக வரும் என்ற வரிசை அது. நம் பள்ளிகளிலோ இரண்டையும் தனித்தனிப் பயிற்சியாகப் போட்டு, ஒன்றுக்கொன்று உறவு இல்லாததுபோல ஆக்கிவிட்டோம். காரணி தேடுவது உங்களுக்கு மட்டுமல்ல, கணினிக்கும் கடினம். பல நூறு இலக்கம் கொண்ட இரண்டு எண்களின் மீ.பெ.கா-வைக் கணினி நொடியில் சொல்லிவிடும். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த அதே அளவு எண்ணைக் கொடுத்து, அவற்றைப் பிரித்துக் காட்டு என்றால் திணறும். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ மறையாக்கம் இந்தத் திணறலை நம்பித்தான் நிற்கிறது. அதன் இரகசியத் திறவுகோலைக் கணக்கிட இன்றைய செந்தரங்களில் இரண்டு எண்களின் மீ.சி.ம-வும் வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்புக் கணக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

மீ.சி.ம எதற்காகப் பிறந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பின்னம் கூட்டுவதற்காக என்பேன். 9-ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமணக் கணிதர் மகாவீரர் ‘கணித சார சங்கிரகம்’ என்ற நூலில், பின்னங்களின் பகுதிகளைச் சமமாக்க எல்லாவற்றையும் பெருக்கிக்கொண்டே போகாமல் மிகச் சிறிய பொது மடங்கைக் காணும் வழியைச் சொல்லியிருக்கிறார். அந்த நூலை 1912-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் எம். ரங்காசார்யா.

பின்னங்களைச் சொல்லும் நம் தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைகள் இதை உருப்போட்டிருந்தார்கள். இருபதில் ஒரு பங்கு மா. பதினாறில் ஒரு பங்கு மாகாணி. ஒரு மாவையும் ஒரு மாகாணியையும் கூட்டினால் எவ்வளவு? இன்று நீங்கள் 20-க்கும் 16-க்கும் மீ.சி.ம எடுத்து, 80 என்று எழுதி, 4-ம் 5-ம் 9, ஆகவே எண்பதில் ஒன்பது என்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த வேலையே இல்லை. எண்பதில் ஒரு பங்குக்குக் காணி என்று பெயர் இருந்தது. மா என்றால் நாலு காணி, மாகாணி என்றால் ஐந்து காணி. கூட்டினால் ஒன்பது காணி. 16-க்கும் 20-க்கும் மீ.சி.ம என்னவோ அதுவே ஓர் அளவாக வழக்கில் இருந்தது! அதற்கும் கீழே முந்திரி, 320-இல் ஒரு பங்கு. மா 16 முந்திரி, மாகாணி 20 முந்திரி, கால் 80 முந்திரி, அரை 160 முந்திரி. எல்லாம் முழு எண்ணில் வந்து நிற்கும்.

பெருமை பேசி நிறுத்திவிட்டால் கணக்கு ஆகாது. 320-ஐப் பகா காரணியாக்கினால் ஆறு 2-ம் ஒரு 5-ம் மட்டுமே. 3 இல்லை. ஆகவே மூன்றில் ஒரு பங்கை முந்திரியில் மிச்சமின்றிச் சொல்ல வழியில்லை. அண்ணன் தம்பி மூவருக்குச் சொத்தைப் பிரிப்பவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பழைய ரூபாய் இந்த வகையில் கெட்டி. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. அதற்குள் 3 உண்டு. ஒரு ரூபாயை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 அணா 4 பை, சண்டையில்லை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது. கூட்டல் சுலபமாயிற்று, மூவருக்குப் பிரிப்பது முடியாமல் போயிற்று. நூறுக்குள் 3 இல்லை.

காணியின் கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பின்னங்களின் மீ.சி.ம என்று ஒரு கேள்வி வருகிறது. ‘தொகுதிகளின் மீ.சி.ம கீழ் பகுதிகளின் மீ.பெ.கா’ என்ற சூத்திரத்தை எழுதி வைத்திருக்கிறீர்கள், தேர்வில் தலைகீழாகப் போட்டுவிட்டு வருகிறீர்கள். அது வேண்டாம். மூன்றில் இரண்டு, ஒன்பதில் நான்கு இவற்றின் மீ.சி.ம வேண்டுமா? இரண்டையும் ஒன்பதாம் பங்குகளாக எண்ணுங்கள். முதலாவது ஆறு பங்கு, இரண்டாவது நான்கு பங்கு. 6-க்கும் 4-க்கும் மீ.சி.ம 12. பன்னிரண்டு ஒன்பதாம் பங்கு என்றால் மூன்றில் நான்கு. மாவையும் மாகாணியையும் காணியாக எண்ணிய அதே வேலை.

நாட்காட்டியிலும் இதே வேலைதான். மாயா மக்கள் 260 நாள் கொண்ட சடங்கு நாட்காட்டி ஒன்றையும் 365 நாள் நாட்காட்டி ஒன்றையும் ஒருசேரப் புழங்கினார்கள். இரண்டும் தொடங்கிய இடத்துக்கே சேர்ந்து வர எத்தனை நாள்? 260-க்குள்ளும் 365-க்குள்ளும் ஒரு 5 பொதுவாக இருக்கிறது. ஆகவே இரண்டையும் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 18980 நாள், சரியாக 52 ஆண்டு. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் ஒருமுறை பார்க்கலாம், இருமுறை பார்ப்பது அரிது.

கடைசியாக ஒரு கணக்கை உங்களோடு சேர்ந்து போட்டுவிட்டு விடைபெறுகிறேன். இத்தாலியில் பிபனாச்சி 1202-இல் எழுதிய கணித நூலில் உள்ளது. 2, 3, 4, 5, 6 எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும், 7-ஆல் வகுத்தால் மீதி வராது. அப்படிப்பட்ட மிகச் சிறிய எண் எது? முதல் பாதிக்கு மீ.சி.ம 60. ஆகவே விடை 61, 121, 181, 241, 301 என்ற வரிசையில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 301-இல் மீதியில்லாமல் போகிறது. விடைப் பட்டியல் கையில் இருந்தால் இன்னும் விரைவு: எந்த விடையிலிருந்து 1-ஐக் கழித்தால் 60-இன் மடங்கு வருகிறது என்று பார்த்தாலே இரண்டு மூன்று விடைகள் விழுந்துவிடும். விடையை வைத்துச் சரிபார்ப்பது குறுக்கு வழியல்ல. கணக்கைப் புரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும்.

இனி இதை நீங்களே போடுங்கள், வகுத்தல் கோடு இல்லாமல். 2 முதல் 10 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1, 11-ஆல் வகுத்தால் மீதியில்லை. தேவையான மீ.சி.ம மேலே இருக்கிறது. 25201 வர வேண்டும். வராவிட்டால் 2520-ஐ 11-ஆல் வகுத்து, மீதி என்ன என்று பார்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்